டிரையரில் துணி காயவில்லையா? பாகம் வாங்குமுன் காற்றைப் பாருங்கள்

கோலாலம்பூரில் மதியம் மூன்று மணிக்கு வானம் கறுத்தால் கொடியில் போட்ட துணி போனதுதான். புகைமூட்டம் சூழ்ந்த வாரங்களில் வெளியே காயப்போட்டால் துணியெல்லாம் கரிவாடை. பினாங்கில் கடலோர அடுக்குமாடிகளில் காற்றே ஈரம். பால்கனியில் துணி தொங்கக் கூடாது என்று சொல்லும் கொண்டோமினியங்களும் நிறைய. இப்படித்தான் டிரையர் வீட்டுக்குள் வருகிறது. ஒரு நாள் அது சரியாகக் காயவைக்காமல் போனதும் முதலில் தோன்றுவது "ஹீட்டர் போச்சு" என்ற எண்ணம். பெரும்பாலும் ஹீட்டர் போயிருக்காது. டிரையரை ஒரு காற்று இயந்திரமாக நினைத்துக்கொள்ளுங்கள். சூடு துணியிலிருக்கும் நீரை ஆவியாக்கும், அவ்வளவுதான். அந்த ஆவியை வெளியே கொண்டுபோவது காற்று. காற்று தடைபட்டால் துணி காயாது, சூடு உள்ளேயே தேங்கும், பாதுகாப்புத் தெர்மோஸ்டாட் மின்சாரத்தைத் துண்டிக்கும். பிறகுதான் உண்மையிலேயே பாகங்கள் கெட ஆரம்பிக்கும்.

இங்கே சொல்வதெல்லாம் வீடுகளில் அதிகம் காணும், சூடான காற்றைக் குழாய் வழியே வெளியே தள்ளும் 6 முதல் 8 கிலோ மின்சார டிரையருக்கு. தண்ணீரைத் தொட்டியில் சேர்க்கும் கண்டென்சர் வகையையும் ஹீட் பம்ப் வகையையும் பின்னால் சுருக்கமாகப் பார்க்கலாம். கேஸில் ஓடும் டிரையரை நீங்கள் திறக்கவே வேண்டாம். அதற்குக் கேஸ் வேலை தெரிந்தவர் வேண்டும்.

கை வைக்கும் முன்

சுவரிலுள்ள சுவிட்சை அடைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே உருவி விடுங்கள். நம் ஊர்ச் சுவிட்சு பெரும்பாலும் லைவ் கம்பியை மட்டும்தான் துண்டிக்கும். நியூட்ரல் இணைந்தபடியே இருக்கும். ஓடி முடித்த டிரையரை அரை மணி நேரம் ஆறவிடுங்கள். உள்ளே தகட்டு விளிம்புகள் கத்தி போல வெட்டும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். சுவரில் மாட்டியதோ வாஷிங் மெஷின் மேல் அடுக்கியதோ, பெரும்பாலும் 20 கிலோவுக்கு மேல் இருக்கும். இறக்க இரண்டு பேர் வேண்டும்.

கருவிகள் அதிகம் வேண்டாம். ஸ்குரூடிரைவர், சில மாடல்களுக்கு நட்சத்திர முனை டி20, ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், டார்ச் லைட், மெல்லிய பிரஷ், வேக்யூம் கிளீனர். மல்டிமீட்டரில் கெப்பாசிட்டர் (மோட்டார் சுற்றத் தொடங்க உதவும் பாகம்) அளக்கும் வசதியும் இருந்தால் நல்லது. டெஸ்ட் பென்னை மட்டும் நம்பி வேலையில் இறங்காதீர்கள். மின்சாரம் இருக்கிறதா என்பதைத்தான் அது சொல்லும், பாகம் நல்லதா கெட்டதா என்று சொல்லாது. எந்தக் கம்பியைக் கழற்றினாலும் அதற்கு முன் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள்.

சூடு வருகிறது, ஆனால் காய மணிக்கணக்காகிறது

இந்தப் புகார்தான் அதிகம். ஸ்குரூவைத் தொடாமலே இதன் பெரும்பகுதியைத் தீர்த்துவிடலாம்.

முதலில் பஞ்சு வடிகட்டி. ஒவ்வொரு முறை ஓட்டி முடித்ததும் பஞ்சை எடுப்பவர்கள்கூட ஒன்றைக் கவனிப்பதில்லை: துணி மென்மைக்காக ஊற்றும் சாஃப்ட்னர், வலையின் கண்களில் கண்ணுக்குத் தெரியாத படலமாகப் படியும். வடிகட்டியைக் குழாயடியில் பிடித்துத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். தண்ணீர் சட்டென்று வழிந்தோடாமல் வலைமேல் தேங்கி நின்றால் காற்றும் அதில் புகாது. பாத்திரம் கழுவும் சோப்பும் பழைய பல் பிரஷும் வைத்துத் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகே திரும்பப் போடுங்கள். மாதம் ஒருமுறை இதைச் செய்தால் போதும். வடிகட்டி உட்காரும் பள்ளத்துக்குள்ளும் பஞ்சு இறங்கியிருக்கும். டார்ச் அடித்துப் பார்த்து வேக்யூமால் இழுத்துவிடுங்கள்.

அடுத்தது குழாய். வெறும் டிரையரை ஓடவிட்டு, குழாயின் வெளி வாயில் ஒரு டிஷ்யூத் தாளைப் பிடியுங்கள். தாள் படபடவென்று விலகிப் பறக்க வேண்டும். சோம்பலாக ஆடினால் குழாயைக் கழற்றிவிட்டு டிரையரின் பின் வாயிலேயே பிடித்துப் பாருங்கள். அங்கே பலமாகவும் குழாய் முனையில் பலவீனமாகவும் இருந்தால் அடைப்பு குழாயில். இரண்டு இடத்திலும் பலவீனம் என்றால் வடிகட்டி, விசிறி, உள்வழி. வழக்கமாகக் குழாய் 4 அங்குல விட்டம். அது 2 மீட்டருக்குள், முடிந்தவரை நேராக இருக்கட்டும். டிரையரைச் சுவரோடு தள்ளும்போது குழாய் மடங்கி நசுங்குவதுதான் வழக்கமான தப்பு. வெளி வாயில் கொசுவலை கட்டாதீர்கள். சில வாரங்களில் பஞ்சு சேர்ந்து அது துணிபோல் மூடிக்கொள்ளும். காற்று தள்ளினால் திறந்து, நின்றால் மூடிக்கொள்ளும் மடிப்பு மூடிதான் சரி. மூடி இல்லாத துளையில் மைனா கூடு கட்டிவிடும். பல நாள் ஓட்டாத டிரையர் என்றால் அதையும் பாருங்கள்.

மூன்றாவது, நம் வீடுகளின் அமைப்பு. சமையலறைக்குப் பின்னாலுள்ள யார்டில் டிரையரை வைத்து, குழாயை வெளியே விடாமல் அங்கேயே ஊத விடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 5 கிலோ துணி, மேலே திறக்கும் வாஷிங் மெஷினில் சுற்றிப் பிழிந்தபின்னும் ஏறக்குறைய 3 லிட்டர் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். 30 டிகிரிச் சூட்டில் ஒரு கன மீட்டர் காற்று தாங்கும் நீராவி 30 கிராம் அளவுதான். 2 மீட்டருக்கு ஒன்றரை மீட்டர் அளவுள்ள யார்டில் மொத்தக் காற்றே 8 கன மீட்டர் சொச்சம். அதற்குள் கால் லிட்டர்தான் அடங்கும். மீதி எங்கே போகும்? சுவரில் வியர்க்கும், கூரையில் பூஞ்சையாகும், டிரையரே அந்த ஈரக் காற்றைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். குழாயை ஜன்னலுக்கு வெளியே விடுங்கள். முடியவே முடியாதென்றால் ஜன்னலை முழுவதும் திறந்து, சமையலறைக் கதவை மூடி, வெளிப்பக்கம் தள்ளும் விசிறி ஒன்றை ஓடவிடுங்கள்.

நான்காவது, வாஷிங் மெஷின். ஒரு லிட்டர் நீரை ஆவியாக்க ஏறக்குறைய 0.65 யூனிட் மின்சாரம் தேவை, அதுவும் வீணாவது எதையும் சேர்க்காமல். 2,000 வாட் டிரையருக்கு ஒரு லிட்டர் கூடினால் குறைந்தது 20 நிமிடம் கூடும். அதனால் டவலும் ஜீன்ஸும் இருந்தால் இன்னொரு முறை பிழியவிட்டு எடுங்கள். சுற்றிப் பிழிய ஆகும் மின்சாரம் இதோடு பார்த்தால் மிகக் கொஞ்சம்.

"7 கிலோ" என்று எழுதியிருப்பது காய்ந்த துணியின் எடை. குளியல் டவல் ஒன்று அரைக் கிலோ, ஜீன்ஸ் ஒன்று அதைவிடக் கூடுதல். டிரம்மின் மேல்பகுதி ஒரு சாண் காலியாக இருக்கட்டும், துணி விழுந்து புரள இடம் வேண்டும். பாலியெஸ்டர் பாஜு கூரோங்கையும் ஜீன்ஸையும் ஒன்றாகப் போட்டால் ஒன்று வறண்டு சுருங்கும், மற்றது ஈரமாகவே இருக்கும்.

தானாக நிற்கும் மாடல் பாதியிலேயே நின்றுவிட்டால், டிரம்மின் வாய்ப்பக்கம் உள்ள இரண்டு உலோகப் பட்டைகளைத் தேடுங்கள். அவைதான் ஈரத்தை உணர்பவை. அதிலும் சாஃப்ட்னர் படலம்தான் எதிரி. வெள்ளை வினிகரில் நனைத்த துணியால் துடைத்துவிடுங்கள். இரண்டு மூன்று துணி மட்டும் போட்டால் அவை பட்டையில் படாமலே சுற்றும். அப்போது நேரத்தை நீங்களே வைத்து ஓட்டுங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தும் நேரம் இரட்டிப்பானால் ஹீட்டரில் பாதி போயிருக்கலாம். அது அடுத்த பகுதியில்.

சுற்றுகிறது, சூடே இல்லை

"குளிர்காற்று" நிலையில் வைத்திருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். கடைசிச் சில நிமிடங்கள் சூடில்லாமல் சுற்றுவது இயல்பு. அதற்கடுத்து அதிவெப்பத் தெர்மோஸ்டாட். பல மாடல்களில் பின்பக்கம் சின்னச் சிவப்புப் பொத்தான் ஒன்று இருக்கும். ஆறியபின் அதை அழுத்தினால் "டிக்" என்று உட்காரும், சூடு திரும்பும். ஆனால் அது காரணமில்லாமல் குதிக்காது. முந்தைய பகுதியில் சொன்ன காற்றுத் தடையைத் தீர்க்காமல் பொத்தானை மட்டும் அழுத்திக்கொண்டிருந்தால் இன்னும் சில நாளில் மறுபடி குதிக்கும்.

பொத்தானில் தீரவில்லையா? பிளக்கை உருவி, பின்தகட்டைக் கழற்றுங்கள். தடித்த இரண்டு கம்பிகள் போய்ச் சேரும் உலோகப் பெட்டிதான் ஹீட்டர். அதன் ஒரு கம்பியைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து இரு முனைகளையும் தொடுங்கள். கம்பியோடு அளந்தால் மற்றப் பாகங்களின் அளவும் கலந்து வரும். 240 வோல்ட்டில் 2,000 வாட் ஹீட்டர் 29 ஓம் அளவில் இருக்கும், 2,400 வாட் 24 ஓம். மீட்டர் ஒன்றுமே காட்டாவிட்டால் கம்பிச்சுருள் அறுந்துவிட்டது, மாற்றத்தான் வேண்டும். சில ஹீட்டர்களில் 1,000 வாட் சுருள் இரண்டு இருக்கும், ஒவ்வொன்றும் 58 ஓம் அளவு. ஒன்று அறுந்தால் சூடு பாதியாகும், நேரம் இரட்டிக்கும். "சூடு வருகிறதே" என்று ஹீட்டரைப் பார்க்காமல் விட்டுவிடுவது இங்கேதான் ஏமாற்றும்.

ஹீட்டர் நல்லதென்றால் அதன் அருகில் நாணயம் போல் வட்டமாக இருக்கும் தெர்மோஸ்டாட்களை ஒவ்வொன்றாக அளந்து பாருங்கள். ஆறிய நிலையில் பூஜ்ஜிய ஓமுக்கு அருகில் காட்ட வேண்டும். ஒருமுறை அறுந்தால் திரும்பச் சேராத வெப்ப ஃபியூஸும் அங்கே இருக்கலாம். அதே வெப்ப அளவு எழுதிய புதியதைத்தான் போட வேண்டும். சூட்டை உணரும் தெர்மிஸ்டர் என்றால் விரல்களுக்கிடையே சற்று நேரம் பிடித்துக்கொள்ளுங்கள். ஓம் அளவு மெல்ல இறங்கினால் அது உயிரோடிருக்கிறது.

ஒன்றைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறோம். தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு அந்த இரண்டு கம்பிகளையும் ஒன்றாக முறுக்கி ஓட்டாதீர்கள். "சும்மா ரெண்டு நாளைக்கு" என்று யாராவது செய்துகொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். பஞ்சு நிறைந்த பெட்டிக்கும் சிவக்கச் சுடும் கம்பிக்கும் நடுவில் இருக்கும் முக்கியக் காவல் அதுதான்.

உறுமுகிறது, டிரம் சுற்றவில்லை

உடனே நிறுத்துங்கள். சுற்றாத மோட்டார் சில நிமிடங்களில் கொதித்துவிடும். பிளக்கை உருவிவிட்டு டிரம்மைக் கையால் சுற்றிப் பாருங்கள். எந்தப் பிடிப்பும் இல்லாமல் லேசாக ஓடினால் பெல்ட் அறுந்திருக்கிறது, அல்லது கழன்றிருக்கிறது. சீரான இழுவையோடு சுற்றினால் பெல்ட் இருக்கிறது, சந்தேகம் கெப்பாசிட்டர் பக்கம். அசையவே மறுத்தால் டிரம் விளிம்பிலோ விசிறியிலோ ஏதோ சிக்கியிருக்கிறது: ஊக்கு, 20 சென் காசு, ரவிக்கை ஹூக், குழந்தையின் காலுறை.

பெல்ட் மாற்றும் வரிசை இது:

1. உறையைக் கழற்றுங்கள். மாடலுக்கேற்ப முன்பக்கமோ பின்பக்கமோ திறக்கும். ஸ்குரூக்களை எடுத்த இடவாரியாகத் தனித்தனிக் கிண்ணத்தில் போடுங்கள்.
2. பழைய பெல்ட்டின் முதுகில் உள்ள எழுத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். "1975 எச்7" என்றால் நீளம் 1,975 மில்லிமீட்டர், 7 வரி. எச் என்றால் வரிகள் நெருக்கம், ஜே என்றால் அகலம். ஒன்றுக்குப் பதில் மற்றது உட்காராது. எழுத்து அழிந்திருந்தால் டிரையரின் மாடல் எண்ணைச் சொல்லி வாங்குங்கள். பழைய பெல்ட் நீண்டிருக்கும் என்பதால் அதை அளந்து வாங்கினால் தளர்ந்துவிடும்.
3. திறந்த கையோடு உள்ளே சேர்ந்த பஞ்சு முழுவதையும் வேக்யூமால் இழுத்துவிடுங்கள். ஹீட்டரைச் சுற்றியும் மோட்டாரின் காற்றுத் துளைகளிலும் அதிகம் இருக்கும்.
4. பழைய பெல்ட்டின் தடம் டிரம்மில் தெரியும். அதன்மேல், வரியுள்ள பக்கம் டிரம்மைத் தொடும்படி சுற்றுங்கள். மோட்டார் சக்கரத்திலும் வரிகள்தான் உட்கார வேண்டும். பெல்ட்டைத் தளராமல் இறுக்கி வைக்கும் இழுவைச் சக்கரம் பெரும்பாலும் அதன் வழவழப்பான முதுகை அழுத்தும்.
5. இழுவைச் சக்கரத்தைக் கையால் தள்ளிப் பிடித்துக்கொண்டு பெல்ட்டை மாட்டுங்கள். மாட்டுமுன் அந்தச் சக்கரத்தைத் தனியே சுழற்றிப் பாருங்கள். கரகரவென்றால் அதையும் இப்போதே மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் புதுப் பெல்ட்டையும் அது தின்றுவிடும்.
6. மூடுமுன் டிரம்மைக் கையால் ஐந்தாறு சுற்றுச் சுற்றுங்கள். பெல்ட் ஒரு பக்கம் ஒதுங்காமல் தடத்திலேயே ஓட வேண்டும்.

கெப்பாசிட்டரைத் தொடுமுன் அதிலிருக்கும் மின்சாரத்தை வடித்துவிடுங்கள். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை ரப்பர் பிடி உள்ள இடுக்கியால் பிடித்து, இரு முனைகளுக்கும் குறுக்கே 5 விநாடி வைத்தால் போதும். மேலே 8 மைக்ரோஃபாரட், 5 சதவீதம் கூடக்குறைய என்று எழுதியிருந்தால் 7.6-க்குக் குறைவாக அளந்ததை மாற்ற வேண்டும். மைக்ரோஃபாரட் அதேதான் இருக்க வேண்டும், வோல்ட் அளவு பழையதைவிடக் குறையக் கூடாது. கோலாலம்பூரில் இதற்கு ஜாலான் பாசார் எலக்ட்ரானிக்ஸ் கடைகளுக்குப் பழையதையே கையில் எடுத்துப் போங்கள்.

சத்தம்

நெடுநாள் நின்ற டிரையர் முதல் சில நிமிடம் "தட் தட்" என்றால் பெல்ட்டும் உருளைகளும் ஒரே இடத்தில் அழுந்தி இருந்ததால்தான், சூடேறியதும் அடங்கும். கீச்சென்ற சத்தம் இழுவைச் சக்கரம். தகரம் உரசும் சத்தமென்றால் டிரம் விளிம்பிலுள்ள ஃபெல்ட் துணிப்பட்டை தேய்ந்திருக்கிறது. வண்டி உருளுவது போன்ற அடிச்சத்தம் பின் பேரிங். எதற்கும் தேங்காய் எண்ணெயோ ஸ்ப்ரே எண்ணெயோ அடிக்க வேண்டாம். பஞ்சு அதில் ஒட்டிக்கொண்டு நெருப்புக்குத் தீனியாகும்.

உயிரே இல்லை, அல்லது மெயின் பெட்டிச் சுவிட்சு விழுந்துவிடுகிறது

அதே சாக்கெட்டில் கெட்டில் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். கெட்டிலும் ஓடாவிட்டால் குறை சாக்கெட்டிலோ மெயின் பெட்டியிலோதான். கெட்டில் ஓடினால் டிரையரின் பிளக்கைத் திறந்து ஃபியூஸை மல்டிமீட்டரில் பாருங்கள். பிஎஸ் 1362 என்று பொறித்த 13 ஆம்பியர் ஃபியூஸ்தான் போட வேண்டும். ஃபியூஸ் அறுந்திருந்தால் காரணத்தையும் தேடுங்கள். லைவ் முனையருகே பழுப்போ கருப்போ தெரிந்தால் இணைப்பு தளர்ந்து சூடாகியிருக்கிறது. பினாங்குக் கடற்கரைப் பக்கம் உப்புக் காற்றில் பித்தளை முனைகள் பச்சை பூத்தும் இருக்கும். பிளக்கை மாற்றும்போது சிரிம் (மலேசியத் தரச்சான்று) முத்திரை உள்ளதை வாங்கி, பழுப்புக் கம்பி லைவ், நீலம் நியூட்ரல், பச்சை-மஞ்சள் எர்த் என்று இறுக்கி முடுக்குங்கள். சாக்கெட்டே கருகியிருந்தால் அது பதிவுபெற்ற வயர்மேன் வேலை.

டிரையர் 8 முதல் 10 ஆம்பியரை ஒரு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து இழுக்கும். எக்ஸ்டென்ஷனில் போடாதீர்கள். தண்ணீர் சூடாக்கும் வாஷிங் மெஷினோடு ஒரே அடாப்டரில் போட்டால் இரண்டும் சேர்ந்து 16 ஆம்பியரைத் தாண்டும்.

பெட்டியில் "டி" என்ற சோதனைப் பொத்தான் உள்ள அகலமான சுவிட்சு விழுந்தால் அது மின்கசிவு. சின்ன சுவிட்சு விழுந்தால் அதிகச் சுமை, அல்லது ஷார்ட். கசிவை இப்படிப் பிரித்தறியலாம். டிரையரைக் குளிர்காற்றில் ஓட்டுங்கள். அதில் நன்றாக ஓடி, சூட்டில் வைத்ததும் விழுந்தால் ஹீட்டர். டிரம் சுற்றத் தொடங்கியதும் விழுந்தால் மோட்டார். பிளக்கைச் செருகியதுமே விழுந்தால் கேபிள் அல்லது முதல் இணைப்புகள். ஹீட்டர் முனைக்கும் உலோக உடம்புக்கும் இடையே மல்டிமீட்டர் எந்த இணைப்பையும் காட்டக் கூடாது. மழைச்சாரல் படும் யார்டில் இணைப்புகள் நனைந்திருக்கும். மின்னட்டையில் பல்லி கருகிக் கிடப்பதும் எறும்பு குடியேறுவதும் நம் ஊரில் சகஜம், திறந்ததும் அதைத் தேடுங்கள். அட்டை கருகியிருந்தால் சர்வீஸ் ஆளிடம் விடுங்கள்.

எதுவும் சுட்டிக்காட்டாமல் முழுச் சாவு என்றால் கதவு சுவிட்சைப் பாருங்கள். கதவை மூடும்போது "டிக்" கேட்க வேண்டும். கேட்காவிட்டால் கதவின் கொக்கி உடைந்திருக்கிறது, அல்லது சுவிட்சு தேய்ந்திருக்கிறது. விலை குறைந்த பாகம் அது.

கருகல் வாடை, எண்ணெய்த் துணி

கருகல் வாடை வந்தால் நிறுத்தி, திறந்து, ஹீட்டரைச் சுற்றியுள்ள பஞ்சை எடுக்கும்வரை ஓட்டாதீர்கள். புகையே வந்தால் டிரையர் கதவைத் திறக்க வேண்டாம், காற்று கிடைத்தால் தீ பிடிக்கும். மெயின் பெட்டியில் துண்டித்துவிட்டு, வீட்டை விட்டு வெளியேறி 999-ஐ அழையுங்கள்.

நம் வீடுகளுக்கென்று தனியாக ஒன்று சொல்ல வேண்டும். எண்ணெய் தேய்த்துக் குளித்தபின் துடைத்த டவல், குத்துவிளக்குத் துடைக்கும் துணி, அடுப்படித் துணி இவற்றில் எண்ணெய் துவைத்தும் முழுதாகப் போவதில்லை. நல்லெண்ணெய் போன்ற எண்ணெய்கள் சூட்டில் காற்றோடு சேர்ந்து தாமாகவே சூடேறும். டிரையர் நின்றபின்னும் மடித்து வைத்த குவியலுக்குள் அந்தச் சூடு வெளியேற வழியின்றி ஏறிக்கொண்டே போய்த் தீப்பிடிக்கக்கூடும். தீபாவளிக் காலை டவல்களைக் கொடியிலேயே காயப்போடுங்கள். மற்றத் துணிகளுக்கும் கடைசிக் குளிர்காற்றுச் சுற்று முடியும் முன் டிரையரை நிறுத்தி, சூட்டோடு குவித்து வைக்காதீர்கள். ரப்பர் அடிப்பாகம் உள்ள மிதியடியும் நுரைத் தலையணையும் உள்ளே போகவே கூடாது. ஜரிகைப் பட்டும் அப்படித்தான்.

கண்டென்சரும் ஹீட் பம்பும்

இவற்றில் குழாய் இல்லை, நீர் தொட்டியில் சேரும். தொட்டி நிறைந்தால் நின்றுவிடும். காலி செய்தும் "நிறைந்தது" என்றே காட்டினால் அடியிலுள்ள மிதவையிலோ சின்னப் பம்பிலோ பஞ்சு சிக்கியிருக்கிறது. கண்டென்சர் வகையில் கீழே இழுத்தெடுக்கக்கூடிய கண்டென்சர் பெட்டியைக் குழாயடியில் அலசலாம். ஹீட் பம்ப் வகையில் அலுமினியத் தகடுகள் நிலையாக இருக்கும். அவற்றை மென்மையான பிரஷால் தகடுகளின் திசையிலேயே துடைக்க வேண்டும், குறுக்கே இழுத்தால் மடங்கிவிடும். குளிர்வாயு உள்ள செம்புக் குழாய்களைத் தொட வேண்டாம், சில மாடல்களில் அந்த வாயு தீப்பற்றும். அது தெரிந்தவரின் வேலை.

எந்த வேலை செய்திருந்தாலும் மூடியபின் சோதனை ஓட்டம் ஒன்று வையுங்கள். நன்றாகப் பிழிந்த டவல் மூன்றைப் போட்டு 20 நிமிடம் ஓட்டுங்கள். குழாய் வாயில் டிஷ்யூ பறக்கிறதா, வெளிவரும் காற்று சூடும் ஈரமுமாக இருக்கிறதா என்று பாருங்கள். நிறுத்தியதும் பிளக்கை உருவி அதன் முதுகைத் தொடுங்கள். இளஞ்சூடாக இருந்தால் சரி. கை வைக்க முடியாமல் சுட்டால் அந்தச் சாக்கெட்டில் இனி போடாமல் வயர்மேனை வரச்சொல்லுங்கள்.